நாக்கின் தீர்ப்பு

“இதைக் குடிச்சா மனுஷன் செத்துடுவான்!”

தையல்காரம்மா பாட்டிலை மேஜையில் வைத்த வேகத்தில், கல்லாவை ஒட்டி அடுக்கியிருந்த தீப்பெட்டிகள் சரிந்து விழுந்தன. கடையில் இருந்த ஒரே வாடிக்கையாளரான பஸ் டிரைவர் ஓரடி பின்வாங்கினார்.

கடைக்காரர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். கடையின் கீழ்த்தட்டில் நிற்கும் சிவப்பு ஒயின். இருப்பதிலேயே மலிவானது. திருகுமூடியின் சீல் உடைந்திருந்தது. ஒயின் என்னவோ கழுத்து வரை இருந்தது.

“குடிக்கவே இல்லையேம்மா! அதுக்குள்ள என்ன குறையைக் கண்டுட்டீங்க?”

“ஒரு வாய் வச்சேன், போதும் போதும்னு ஆயிடுச்சு. இது ஒயினா? சாக்கடை!”

கடைக்காரரின் காதுமடல் சிவந்தது. ஊரில் அவருக்கு ‘நாக்கு’ என்றே பெயர். ஒயின் போட்டி எங்கே நடந்தாலும் நடுவர் நாற்காலியில் அவர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அந்த நாக்கு தேர்ந்தெடுத்து வைத்ததைச் சாக்கடை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

“விலை குறைஞ்ச சரக்குதான், இல்லேங்கலை. ஆனா சுத்தமான சரக்கு. நீங்க துணி வெட்டற வேலையைப் பாருங்க. ருசி பார்க்கற வேலையை என்கிட்ட விடுங்க.”

“அப்ப பாருங்களேன்! இதோ, என் கண்ணு முன்னாடி குடிங்க. ஏன், பயமா இருக்கா?”

“பயமா? எனக்கா?”

“எதுக்கும்மா சண்டை? எனக்கு வேற வண்டி எடுக்க நேரமாச்சு…” என்று இழுத்தார் டிரைவர்.

“நீங்க சும்மா இருங்க!” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைக்காரர் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் துடைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினார். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். மூக்கைக் கோப்பைக்குள் விட்டார். பிறகு ஒரு மடக்கு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தையல்காரம்மா இமைக்கவில்லை. அவர் பார்வை கடைக்காரரின் தொண்டைக்குழியிலேயே நின்றது.

“நிறம் சரி. கொஞ்சம் லேசா இருக்கு, இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்.” இன்னொரு மடக்கு. “புளிப்பு அளவோட இருக்கு. கடைசியில ஒரு மண்வாசனை வருது பாருங்க, அது குறையில்லை. திராட்சை விளைஞ்ச மண்ணோட குணம். அந்த வாசனைக்குன்னே தேடி வந்து வாங்கறவங்க இருக்காங்க, தெரியுமா?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தண்ணி கிண்ணி கலந்த மாதிரி இல்லை?”

“என்ன சொன்னீங்க?” கடைக்காரரின் குரல் கூரையைத் தொட்டது. “என் கடையில கலப்படமா? முப்பது வருஷமா இந்த நாக்கை வச்சுத்தான் பிழைக்கிறேன். இதுல ஒரு சொட்டு வேற ஏதாவது இருந்தா, இதை அறுத்துப் போட்டுடறேன்!”

மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம்,” என்றார் தையல்காரம்மா. “எழுதிக் கொடுங்க. கையெழுத்தும் வேணும், கடை முத்திரையும் வேணும்.”

“ஓஹோ! கோர்ட்டுக்குப் போற உத்தேசமா?”

“எங்க போறேங்கறது என் இஷ்டம். தைரியம் இருந்தா எழுதுங்க.”

ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைச் சர்ரென்று கிழித்தார் கடைக்காரர். பேனா அழுந்திய அழுத்தத்தில் தாள் இரண்டு இடங்களில் பொத்துக்கொண்டது. ‘இந்தப் பாட்டிலை நானே ருசி பார்த்தேன். இதில் எந்தக் கலப்பும் இல்லை.’ கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, தாளை அவர் பக்கம் விசிறினார்.

“எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே இந்தக் கடைப் படி ஏறாதீங்க!”

தையல்காரம்மா அதை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். அவ்வளவு நேரம் விறைத்திருந்த தோள்கள் சட்டென்று தளர்ந்தன. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்கண்ணே. எனக்கு வேற வழி தெரியலை.”

“எதுக்கும்மா மன்னிப்பு?” என்றார் கடைக்காரர்.

“எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் முக்கால்வாசி போயிடுச்சு. இப்படியே குடிச்சா ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் கேட்டாத்தானே? தினமும் ஒரு பாட்டில் வந்தாகணும், இல்லேன்னா வீடே ரெண்டாகுது. என் பேச்சுல துளி நம்பிக்கை கிடையாது அவருக்கு. நாக்கு சொன்னா மட்டும் வேதவாக்கு.”

“அதுக்கு நான் எழுதிக் கொடுத்தது எதுக்கும்மா?”

தையல்காரம்மா தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினார். பாட்டிலின் மூடியை இறுகத் திருகினார்.

“இதுல பாதி பீட்ரூட் வேகவச்ச தண்ணிண்ணே.”