அறுபத்திரண்டு வரி

"ஒரு மாசத்துல அறுபத்திரண்டு வரிதான் புரோகிராம் எழுதியிருக்கீங்க. மத்தவங்கள்லாம் ரெண்டாயிரத்துக்கு மேல."

மேனேஜர் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் டீமில் அவள்தான் சீனியர். வேலை முடிந்ததும் நாலரைக்கே கிளம்பிவிடுவதால் ஆபீஸில் 'நாலரை அக்கா' என்று பெயர்.

"நீங்க சும்மா உக்காந்திருக்கீங்கன்னு பக்கத்து சீட்காரரே சொல்றார். அதான் அவரையும் கூப்பிட்டேன்."

பக்கத்து சீட்காரர் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அவள் மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அறுபத்திரண்டு சரிதான் சார். நோயாளி, டாக்டர், மருந்து, படுக்கைன்னு நம்மகிட்ட முப்பத்தேழு மாடல், அதாவது முப்பத்தேழு வகைப் பதிவு இருக்கு. எதுல எதை அழிச்சாலும் போனது போனதுதான். திரும்பக் கொண்டுவர வழியே இல்லாம இருந்துச்சு."

"சரி, ஒவ்வொரு மாடல்லயும் அதுக்கு வழி எழுத வேண்டியதுதானே?"

"எழுதலாம். ஒரே விஷயத்தை முப்பத்தேழு தடவை. நாளைக்கு ஒரு தப்பு வந்தா முப்பத்தேழு இடத்துல திருத்தணும். அதனால எல்லாத்துக்கும் பொதுவான ஒரு தனித் துண்டா, பிஹேவியரா, ஒரே தடவை எழுதிட்டேன். இருபத்தஞ்சு வரி. எந்த மாடலுக்கு வேணுமோ அங்க ஒரு வரி போட்டா ஒட்டிக்கும். அப்புறம் அழிச்சாலும் பதிவு மறைஞ்சுதான் நிக்கும், போகாது. கேட்டா வரும்."

மேனேஜர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். இருபத்தஞ்சும் முப்பத்தேழும்.

"இருபது நாள் யோசிச்சேன் சார். பத்து தடவை எழுதி அழிச்சேன். இதுக்கு மேல ஒரு வரி குறைக்க முடியாது." அவள் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புதன்கிழமை நோயாளிகள் பட்டியல் மொத்தமும் காணாமப் போய், ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, அது இதனாலயா?"

"ஆமா சார். பதினோராயிரம் பேரு. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கறது உட்பட ஒண்ணுகூட விடுபடலை."

"அழிச்சது யாரு?"

"பட்டியல் முழுசா வந்துச்சான்னு பார்த்தேன் சார். யாருன்னு பார்க்கறது என் வேலை இல்லை."

மேனேஜர் எழுந்து அவள் கையைக் குலுக்கினார். "அடுத்த மீட்டிங்ல இதை நீங்கதான் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லணும். இப்படி ஒருத்தர் நம்ம டீம்ல இருக்கறது எனக்குப் பெருமை."

அவள் தலையசைத்துவிட்டுக் கதவு வரை போயிருப்பாள்.

"சார்," என்றார் பக்கத்து சீட்காரர். "அழிச்சது நான். இவங்க பார்த்துட்டாங்க. பார்த்தும் பேசாம மீட்டுக் கொடுத்தாங்க. எங்கே என்னைப் போட்டுக் கொடுத்துடுவாங்களோன்னு பயந்து, நான் முந்திக்கிட்டு இவங்களைப் போட்டுக் கொடுத்துட்டேன்."