சூசைநாதனின் பேட்டரி சைக்கிள்

மருதப்பன் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழே, தூணோரம் நின்ற சூசைநாதனின் பேட்டரி சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். வண்டியின் கைப்பிடி கழன்று மடியில் கிடந்தது.

"அண்ணே, அது உங்க வண்டி இல்லையே!"

மேல்மாடி ஜார்ஜ் போட்ட சத்தத்தில் பாதி புளோக் இறங்கி வந்துவிட்டது. அதற்குள் மருதப்பன் அவசர அவசரமாகக் கைப்பிடியை மாட்டி முடுக்கிவிட்டார். திருட்டு முழி வேறு.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மருதப்பனின் பொறாமை அந்த புளோக்கில் லிஃப்டுக்குக்கூடத் தெரியும்.

இருவரும் ஒரே கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன்கள். ஒரே கம்பெனி பஸ், ஒரே கோப்பிக் கடை. எம்.ஆர்.டி. ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்த அந்த வருடம், சூசைநாதன் தன் பழைய சைக்கிளில் மோட்டாரும் கார் பேட்டரியும் பூட்டி, மிதிக்காமலே மேடு ஏறிக் காட்டினார். புளோக்கே கை தட்டியது. மருதப்பன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பிறகு தானும் ஒன்று செய்தார். கார்பார்க்கைத் தாண்டுவதற்குள் பேட்டரி தீர்ந்தது. பேட்டரியைப் பெரிதாக்கினார், கண்ட்ரோலர் புகைந்தது. கண்ட்ரோலரை மாற்றினார், ஒயர் உருகியது.

"சூசை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் மனைவி ரத்தினம்மா. அன்றைக்கு மருதப்பன் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் சூசைநாதனின் வண்டியை மந்திரிப்பதாக ஏற்பாடு. மனைவி மதலேனாவைப் பின்னால் உட்காரவைத்து சூசைநாதன் கோயிலில் போய் இறங்குவார். பங்கு மக்கள் மொத்தப் பேரும் பார்ப்பார்கள். அதற்கு முதல் நாள் பார்த்து இந்த வேலை!

சூசைநாதன் மூச்சிரைக்க வந்தார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கைப்பிடியைத் திருகினார். பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது. கையை எடுத்தார். கைப்பிடி தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது. சக்கரம் நின்றுபோனது.

"பாத்தீங்களா! உள்ள ஸ்பிரிங் வச்சுக் கெடுத்துட்டான்! கப்பல்ல சுமை தூக்குற வின்ச்சுக்கு இருக்கற மாதிரி நான் செஞ்ச கைப்பிடி. விட்ட இடத்துலயே நிக்கணும். அப்பத்தான் கை வலிக்காம போகலாம்."

"சொல்லுங்கண்ணே, பொறாமைதானே?" என்றார் ஜார்ஜ்.

மருதப்பன் கூட்டத்தைப் பார்த்தார். ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மருதப்பன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகினார்.

"ஆமா, பொறாமைதான். இப்ப என்னாங்கற?"

"இனிமே நீ யாரோ, நான் யாரோ," என்றார் சூசைநாதன். "பஸ்ஸுல என் பக்கத்துல உட்காராதே."

"சரி. ஆனா அந்த ஸ்பிரிங்க மட்டும் கழட்டாதே, சூசை."

"செய்யறதையும் செஞ்சுட்டு உத்தரவு வேறயா!"

கூட்டம் சிரித்தது. மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்டுக்குப் போனார்.

எல்லோரும் கலைந்தபிறகு சூசைநாதன் கைப்பிடியைக் கழற்ற உட்கார்ந்தார். மதலேனா கோப்பி கொண்டுவந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அந்தத் துரோகி வச்ச ஸ்பிரிங்க எடுக்கறேன்."

"அது இருந்தா என்ன?"

"கையை எடுத்தா வண்டி நின்னுடும்."

"இல்லாட்டி?"

"நிக்காது. வின்ச் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்."

"நாம விழுந்தாக்கூடவா?"

ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

கப்பலில் வின்ச்சைத் தளத்தோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அது எங்கேயும் போய் விழாது. மதலேனாவை அப்படி யாரும் இறுக்கிவைக்கப் போவதில்லை.

சூசைநாதன் கோப்பியைத் தொடவில்லை. நேராக மருதப்பன் வீட்டுக்குப் போனார். ரத்தினம்மா கதவைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏன்யா அங்கயே சொல்லல?"

மருதப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. "சாமியார் மந்திரிக்கப் போற வண்டி. அதுல தப்பு இருக்குன்னு புளோக் முன்னாடி சொன்னா உனக்குத்தானே தலைகுனிவு? யாருக்கும் தெரியாம மாட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அந்த ஜார்ஜ் வந்து கெடுத்துட்டான்."

"அதுக்காகப் பொறாமைன்னு ஒத்துக்கிட்டு நிக்கறதா? என்னை மன்னிச்சுக்கய்யா. உன்னைப் போய்த் தப்பா நெனச்சுட்டேனே!" சூசைநாதனுக்குக் கண் கலங்கியது.

"நீ ஒண்ணும் தப்பா நெனக்கல," என்றார் மருதப்பன் எரிச்சலாக. "ஏதாவது குறை கண்டுபிடிச்சு, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கணும்னுதான் உன் வண்டியையே சுத்திச் சுத்தி வந்தேன். வசமா கெடைச்சுது. ஓடிப்போய்ச் சொல்லலாம்னு எழுந்திருக்கறேன், பின்சீட்டுல மதலேனா தங்கச்சி உட்காரத் தலகாணி கட்டி வச்சிருக்கே. அதைப் பாத்ததும் சிரிப்பு வரல. ஸ்பிரிங் எடுக்கத்தான் ஓடினேன்."

சூசைநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மருதப்பன் கையை உருவிக்கொண்டார்.

"ஆனா பொறாமைன்னு சொன்னது பொய் இல்ல, சூசை. இப்பவும் வயிறு எரியுதுலா!"