இரண்டாவது முட்டை

மலைகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் ஏரி. அங்கே மிஞ்சியிருந்த ஒரே முக்குளிப்பான் பறவை ஜோடி இரண்டு முட்டைகள் இட்டிருந்தது. முதல் குஞ்சு பொரிந்ததும் தாய் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"இன்னொரு முட்டை?" என்று கேட்டது பக்கத்தில் குடியிருந்த நாமக்கோழி என்ற கறுப்பு நீர்ப்பறவை.

"இந்தக் குளிரில் ஒன்றுக்குத்தான் என்னால் இரை தேட முடியும் அக்கா." தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

நாமக்கோழி அந்த முட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் வெளியே வந்த குஞ்சு அதன் முதுகில் ஏறப் பார்த்தது. சறுக்கி விழுந்து அழுதது. நாமக்கோழிக்கு ஒன்றும் புரியவில்லை.

தூரத்தில் நின்ற தாய் மெல்ல நீந்தி வந்தது.

"இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துங்க அக்கா. எங்க பிள்ளைகள் முதுகில்தான் தூங்கும்."

தாழ்த்தியதும் குஞ்சு ஏறித் தூங்கிவிட்டது. அது விழித்துவிடுமோ என்று நாமக்கோழி அன்று முழுக்க இரை தேடி முங்கவே இல்லை. தாய்தான் நாமக்கோழிக்குப் பாசி கொண்டுவந்து ஊட்டியது.