ஏழாவது கோலம்

எங்கள் வீட்டில் தீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஓரிக்கையில் தறி நெய்கிற ஒருவனை வத்ஸலா கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவளைத் தலைமுழுகியாயிற்று. இப்போது ஜுரத்தில் போய்விட்டாளாம். பெற்ற மகளானாலும் இரண்டு முறை முழுகுவதில்லை.

“ஏன்னா, பெத்த மனசா இது? சாவு விழுந்த ஆத்துல யாராவது கோலம் போடுவாளா?” என்றாள் என் மனைவி நாமகிரி.

“இங்கே யாரும் சாகலை. போடு.”

அழுதுகொண்டே போட்டாள். சற்றுக் கழித்துப் பார்த்தால், கோலத்தின் ஓரத்தில் மாவால் 142857 என்று எழுதியிருந்தது. நாலின் வாலை வத்ஸலாதான் அப்படிச் சுழிப்பாள். மறுநாள் கோலத்தில் 285714.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் சொல்வாள்: “அப்பா, இந்த எண்ணை ரெண்டால பெருக்குங்கோ, ஆறு வரைக்கும் எதால வேணா பெருக்குங்கோ. இதே ஆறு பேர்தான் இடம் மாறி உக்காருவா. ஏழால பெருக்கினா மட்டும் எல்லாம் ஒன்பது. பழைய ஆள் ஒருத்தரும் மிஞ்சமாட்டா.”

நாளுக்கொரு மடங்காக ஏறி, நேற்று 857142 வந்திருந்தது. அது ஆறு மடங்கு.

இன்று விடிந்ததும் நாமகிரி மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னிக்குக் கோலம் வேண்டாம்.”

“வாசல் வெறுமையா இருந்தா, இந்தாத்துல துக்கம்னு தெருவே சொல்லுமே?”

“சொல்லட்டும்.”