கனிமொழி கேட்ட பிள்ளை

“மூணாவதும் பொண்ணாப் பொறந்தா வேற ஒருத்தியக் கட்டிப்பேன்னு சொல்றாரு டாக்டரம்மா.”

சொல்லி முடிப்பதற்குள் கனிமொழி அழுதுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தள்ளி உட்கார்ந்திருந்த ஜெயப்பிரகாஷ் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஒன்பது மணிக்கே இந்தச் சிதம்பரம் கிளினிக்குக்கு வந்தாயிற்று. உள்ளே கூப்பிடும்போது மணி இரண்டு. அவளுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. யாராவது ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

பாலினம் பார்ப்பது குற்றம் என்று சுவரில் பெரிய போர்டு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு டாக்டரம்மா ஜெயப்பிரகாஷிடம் கேட்டார்.

“பெரியவ என்ன படிக்கிறா?”

ஜெயப்பிரகாஷ் இருமினார். கனிமொழிதான் பதில் சொன்னாள்.

“நாலாவதுங்க. சின்னவ எல்.கே.ஜி.”

“இப்ப வயித்துல ஒண்ணும் இல்லல்ல?”

“இல்லீங்க.”

“அப்பறம் என்ன? கலைக்கிறது கிலைக்கிறது எதுவும் கெடையாது, பாவமும் கெடையாது. நாம யாரையும் கொல்லலையே! இவரோட விந்தணுவ லேப்ல பிரிச்சு, ஆம்பளப் புள்ளைக்கு உள்ளத மட்டும் ஊசியில ஏத்திடுவேன். வெளிய மூச்சு விடக் கூடாது.”

ஜெயப்பிரகாஷ் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே காத்திருந்த நாலு பேர் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள்.

“கடலூர் ஹெல்த் ஆபீஸ்லேர்ந்து வர்றோம் மேடம். நீங்க பேசுனதெல்லாம் ரெக்கார்டு ஆயிடுச்சு.”

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போனது. ஒருவர் ரெஜிஸ்டரை அள்ளினார். இன்னொருவர் லேப் கதவைப் பூட்டி, சீல் வைக்க அரக்கை எடுத்தார்.

கனிமொழியின் பையில் ஓடிக்கொண்டிருந்த செல்போனை நிறுத்தியபடி ஜெயப்பிரகாஷ் சிரித்தார். தங்கள் ஆபீஸைப் பெருக்க வருகிறவளைப் பெண்டாட்டியாக நடிக்கக் கூட்டிவந்தது அவருடைய யோசனைதான்.

“அசத்திட்டம்மா! நான் எழுதிக் குடுத்ததுல அழுகையே கெடையாது. அந்த ரெண்டாங் கல்யாண மேட்டரும் கெடையாது. எங்கேர்ந்து புடிச்ச?”

கனிமொழி அந்த லேப் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டாள்.

“சார், எனக்கு மட்டும் செஞ்சு முடிச்சிட்டு, அப்பறம் பூட்டக் கூடாதுங்களா?”