தலைவரின் கன்னம்

தேயிலைத் தோட்டமே காட்டுக் கீரையை அவித்துத் தின்று வற்றிப்போன எழுபத்து நாலாம் வருசப் பஞ்சத்தில், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துவீரனின் முகம் மட்டும் பூசணிக்காயாய் உருண்டுகொண்டே வந்தது.

"தோட்டத் தொரை பங்களாவுல தலைவருக்குத் தெனமும் விருந்து. நம்மள வித்துத் திங்கிறாரு," என்று லயத்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான் சின்னையா. அடுத்த தலைவராக வரத் தன்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பது அவனுடைய தாழ்மையான எண்ணம்.

ஒருநாள் முத்துவீரன் நுவரெலியா பஸ் ஏறியதும், கையும் களவுமாகப் பிடிக்கச் சின்னையாவும் பின்னாலேயே போனான். தலைவர் நுழைந்தது ஆஸ்பத்திரிக்குள். சின்னையா டாக்டரின் கதவோரம் காதை வைத்தான்.

"இந்தக் குளுசைய நிறுத்திரவாங்க ஐயா? மொகம் உப்பிப்போயி, ஆளுகள வித்துத் திங்கிறேன்னு தோட்டமே பேசுது."

"உமக்கு இருக்கிறது குரோன் எண்ட குடல் வியாதி. முகம் உப்பினது இந்த ஸ்டீரொயிட் மருந்தாலதான். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து திடீரெண்டு நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து. நான் பார்த்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைச்சுத் தாறன்," என்றார் டாக்டர்.

தன் நாக்கு ஓர் ஆளைக் கொன்றிருக்கும் என்பது சின்னையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்துக்குத் திரும்பியதும் கோயிலடியில் ஆட்களைக் கூட்டினான்.

"தலைவரு ஒன்னும் நம்மள வித்துத் திங்கலங்க. அது மருந்தால வந்த வீக்கம். அவர யாரும் ஏசாதீங்க," என்று வாழ்க்கையில் முதல்தடவையாக உண்மையைச் சொன்னான்.

கூட்டம் கடைசிவரை கேட்டது. பிறகு கொழுந்தெடுக்கும் அழகம்மா நிதானமாகக் கேட்டாள்:

"ஒனக்கும் பங்களாவுல எல போட்டுட்டாங்களா, சின்னையா?"