கரைக்குக் கீழே

கல்யாண மண்டபத்து வாசலில் பால் கேனோடு வந்து இறங்கினார் வெங்கடபதி.

ஏரி உடைந்து காலனி போனதிலிருந்து செவ்வந்தியும் மற்றவர்களும் அங்கேதான் கிடந்தார்கள். மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் தெர்மாகோலில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஈரத்துணி.

"பாலெல்லாம் வருது பாரு. நாமதான் மாப்பிள்ள ஊட்டுச் சனமாட்ட இருக்குது," என்றாள் பக்கத்தில் இருந்த ராசம்மாள்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. முந்தாநாள்தான் மகள் கிருபாவைப் புதைத்திருந்தாள். விடிவதற்கு முன் வந்த தண்ணீர். பிள்ளை பாயிலிருந்து எழவே இல்லை.

மழைக்குக் கரை தானாக உடைந்தது என்றார்கள். காலனி ஆண்கள் வேறு சொன்னார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் வெங்கடபதி பிரித்துப் போட்ட வீட்டுமனைகளில் தண்ணீர் ஏறியதாம். அதற்காக இந்தப் பக்கத்துக் கரையை அவரே வெட்டிவிட்டாராம். பார்த்தவன் யார் என்று கேட்டது போலீஸ். பார்த்தவன் எவனும் இல்லை.

செவ்வந்தி நம்பவில்லை. அவர் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளித்தான் கிருபாவைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். அவர் அப்படிச் செய்கிற ஆளில்லை என்று ஆண்களோடு சண்டைகூடப் போட்டாள்.

வெங்கடபதி தானே அவளிடம் வந்து பேப்பர் கப்பை நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"குடிங்க அம்மணி. நம்ம மாட்டுப் பாலுதான். ஆண்டவன் புண்ணியத்துல மாடு ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலைங்க."

"நல்லதுங்க மொதலாளி." வாங்கினாள். உதடு வரை கொண்டுபோனாள்.

நம்ம மாடா?

கொட்டகை கரைக்கு நேர் கீழே இருந்தது. காலனிக்கு முன்னால் தண்ணீர் ஏறியது அங்கேதான். நேற்றுப் போய்ப் பார்த்தபோது கூரைவரை சேறு. மாடெல்லாம் செத்துப்போயிருக்கும் என்று அதுகளுக்கும் சேர்த்து அழுதுவிட்டு வந்திருந்தாள்.

ஏனென்றால் ஏரி உடைந்த அன்றைக்கு ராத்திரி அத்தனை மாட்டையும் அங்கே கட்டிவிட்டு வந்தது அவள்தான்.

கப்பைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"மாட்ட எப்படா அவுத்து உட்டே?"